ரப்பர் படகுக்கும் காப்புறுதி வேண்டும்

வெயில் எட்டிப் பார்த்தால் போதும், காப்புறுதித் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த அழைப்புகள் தொடங்கிவிடும். "அண்ணை, ஒன்லைனில ஒரு காத்தடிக்கிற போட் வாங்கினனான், தேம்ஸில விடப் போறன், ஏதும் பேப்பர் வேணுமோ?" இப்படி முன்கூட்டியே கேட்பவர்கள் தங்கமானவர்கள். மற்றவர்கள் இடித்த பிறகு போன் எடுக்கிறார்கள்.

கடைசியாக எடுத்தவர் ஹம்ப்டன் கோர்ட் பக்கத்தில், பின்பக்கத்தில் சின்ன அவுட்போர்ட் எஞ்சின் பூட்டிய டிங்கியை, அதாவது காற்றடிக்கிற சின்னப் படகை, கொண்டுபோய் ஒரு பந்தயத் துடுப்புப் படகின் விலாவில் ஏற்றிவிட்டார். அந்தப் படகில் துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார், நம்மைக் காணமாட்டார். நல்ல காலம், ஆளுக்கு ஒன்றுமில்லை. கார்பன் ஃபைபர் உடம்பில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அப்படி ஒரு படகு புதிதாக வாங்கப் பல ஆயிரம் பவுண்ஸ். இவருடைய டிங்கி, எஞ்சின், பம்ப் எல்லாவற்றையும் விற்றாலும் அதில் கால்வாசி தேறாது.

"அதுக்குத்தானே வீட்டு இன்சூரன்ஸ் இருக்கு" என்றார்.

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் வீட்டுக் காப்புறுதியில் "பிறருக்கு ஏற்படும் சேதம்" என்ற பகுதி உண்டுதான். உங்கள் பிள்ளையின் பந்து பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தால் அது உதவலாம். ஆனால் அதே பகுதியின் கீழே விலக்குகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். கார், மோட்டார் சைக்கிள், விமானம், அவற்றோடு எஞ்சின் பூட்டிய படகு. வழக்கமாக அதில்தான் இருக்கும். கையால் வலிக்கும் படகை விட்டுவைக்கும் கம்பனிகள்கூட எஞ்சின் என்று வந்ததும் கையை விரித்துவிடும். அந்தப் பக்கத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள், என்னை நம்ப வேண்டாம்.

"பற்றறி மோட்டார்தானே, சத்தமே இல்லை" என்பது அடுத்தது. சத்தம் போடாவிட்டாலும் அது மோட்டார்தான். கனூ, கயாக் போன்ற சின்னத் துடுப்புப் படகுக்காரர்கள் பெடல் யூகே (Paddle UK) என்ற சங்கத்தில் சேர்ந்து, அதிலேயே ஆற்று அனுமதியும் காப்புறுதியும் பெறுகிறார்கள். அது எஞ்சின் இல்லாத படகுகளுக்கு மட்டும். மோட்டாரைப் பூட்டிய நிமிடமே அது உங்களுக்கு உதவாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? கிரிக்லேடிலிருந்து டெடிங்டன் வரைக்கும் தேம்ஸ் ஆறு சுற்றாடல் முகவரகத்தின் (Environment Agency) கையில். அங்கே படகைப் பதிவு செய்ய வேண்டும், எஞ்சின் இருந்தால் குறைந்தது 10 இலட்சம் பவுண்ஸுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதியும், அதாவது பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்புறுதியும், வேண்டும். முதலில் காப்புறுதி, அப்புறம் பதிவு. வே ஆற்றுக்குப் போனால் நெஷனல் ட்ரஸ்ட், லீ ஆற்றுக்கும் கிராண்ட் யூனியன் கால்வாய்க்கும் கனல் அண்ட் ரிவர் ட்ரஸ்ட். ஓரிடத்துப் பதிவு மற்ற இடத்தில் தானாகச் செல்லாது. டெடிங்டனுக்குக் கீழே வற்றுப்பெருக்கு ஆறு, லண்டன் துறைமுக அதிகாரசபை, வேறு விதிகள். அங்கே சின்ன டிங்கியோடு போகவே வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று பயப்படுகிறார்கள். அடுப்பு, பொருத்தி வைத்த எரிபொருள் தாங்கி, மின்வயரிங் எதுவும் இல்லாத திறந்த அவுட்போர்ட் படகுக்குப் பொதுவாக அது தேவைப்படாது.

ஊரில் கடலில் வள்ளம் ஓட்டினவர்கள் சிலருக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கிறது. உங்கள் கைப்பழக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. படகு ஓட்டுவதற்கு இங்கே தனி லைசன்ஸும் கேட்பதில்லை. ஆனால் ஊரிலும் மீன்பிடிப் படகைக் கடற்றொழில் திணைக்களத்தில் பதிந்து, அணியத்தில் இலக்கம் எழுதித்தானே வைத்திருந்தீர்கள்?

விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். எஞ்சினின் குதிரைவலு, படகு எங்கே வைக்கப்படும், யார் யார் ஓட்டுவார்கள். 16 வயது மகன் ஓட்டுவான் என்றால் அதையும் சொல்லுங்கள். எஞ்சின் களவு போனால் கம்பனி முதலில் கேட்பது பூட்டுப் போட்டிருந்தீர்களா என்பது, அடுத்தது தொடர் இலக்கம். அந்தத் தகட்டை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

தேம்ஸில் வேக எல்லை மணிக்கு 8 கிலோமீற்றர், விறுவிறுவென்று நடக்கும் வேகம். லொக் (படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றியிறக்கும் மதகு) வாசலில் சிவப்புப் பலகை தொங்கினால் நீரோட்டம் பலம் என்று அர்த்தம், படகைக் காரை விட்டு இறக்காதீர்கள். பிள்ளைகள் அழுதால் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள். லைஃப் ஜக்கெட் எல்லோருக்கும், நீந்தத் தெரிந்த அப்பாவுக்கும் சேர்த்து.

இன்னொரு வேண்டுகோள்: இடித்துவிட்டால் அந்த இடத்திலேயே "என்ர பிழைதான், நான் காசு தாறன்" என்று சொல்லிவிடாதீர்கள். பெயர், படகின் பதிவு இலக்கம் மாற்றிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு அழையுங்கள்.