இரண்டாம் கியர் ஏன் கத்துகிறது?

இலங்கை மலையகத்து லிந்துலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் கிளீனராக இருந்தவர், இப்போது கனரக லைசென்ஸுக்குப் பழகுகிறார். "ஏற்றத்தில ஒரு கரச்சலும் இல்ல. இறக்கத்தில மூணுலருந்து ரெண்டுக்குப் போட்டா கியர் கத்துது. பெரிய டிரைவர் ரெண்டு தரம் கிளச் மிதிக்கச் சொல்றார். இந்தக் காலத்து லொறிக்கும் அது வேணுமா?"

வேணும் தம்பி, இறக்கத்தில் கட்டாயம் வேணும். காரணம் கியர் பொக்ஸுக்குள் இருக்கும் ஒரு பித்தளை வளையம். உள்ளங்கையில் அடங்கும் சாமான். ஆனால் அது செய்யும் வேலையைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அடிப்படையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். சின்னப் பல்சக்கரம் பெரியதைச் சுற்றினால் வேகம் குறையும், முறுக்குவிசை கூடும். கணக்குக்காக மூன்றாம் கியரின் விகிதம் 2, இரண்டாம் கியருடையது 3 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றினால், லொறியின் வேகம் மாறாமல் இரண்டுக்கு வர 2250 சுற்று வேண்டும். கிளச்சை மிதித்ததும் எஞ்சின் கழன்றுவிடும். ஆனால் கிளச் தட்டு, அதோடு சுற்றும் உள்தண்டு, அந்தத் தண்டோடு பிணைந்த பல்சக்கரங்கள் எல்லாம் பழைய 1500-ஐ ஒட்டித்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை யாராவது 2250-க்கு ஏற்றிவிட வேண்டும்.

கியர் தடியைத் தள்ளும்போது பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று போய் மாட்டுகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முன்னோக்கிப் போகும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் மாட்டியபடியேதான் இருக்கின்றன. இரண்டாம் கியர்ச் சக்கரம், டயர்களைச் சுற்றும் வெளித்தண்டின்மேல் சும்மா வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். தடி நகர்த்துவது, அந்த வெளித்தண்டோடு சேர்ந்து சுற்றும் ஓர் உறையை. அந்த உறையின் உட்பற்கள் சக்கரத்தின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பற்களில் போய் விழுந்தால் சக்கரமும் தண்டும் ஒன்றாகிவிடும், கியர் விழுந்தாயிற்று. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது விழப் பார்த்தால் பல்லோடு பல் அடிபடும். தம்பி கேட்ட சத்தம் அதுதான்.

உறைக்கும் சக்கரத்துக்கும் நடுவில்தான் நம் பித்தளை வளையம். அதன் உட்புறம் கூம்பு வடிவம். சக்கரத்தில் அதற்குப் பொருந்தும் எஃகுக் கூம்பு ஒன்று. தேத்தண்ணிக்கடையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கிளாஸ்கள் சில நேரம் இறுகிக்கொண்டு பிரிய மறுக்குமே, அந்தச் சரிவின் பலம்தான் இங்கேயும். உறை மெல்ல வளையத்தைத் தள்ள, வளையம் கூம்பில் உரசிக்கொண்டு சக்கரத்தை உறையின் வேகத்துக்கு இழுக்கும். கராஜில் புது வளையம் கிடைத்தால் உட்புறத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நூல்நூலாக வரிகள் வெட்டியிருக்கும். எண்ணெய்ப் படலத்தை அறுத்துப் பித்தளையை நேராக எஃகில் பட வைப்பவை அந்த வரிகள்தான். தேய்ந்த வளையத்தில் அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும்.

உரசி வேகத்தைச் சமப்படுத்துவது பெரிய வித்தையில்லை. வேகம் சமமாகும்வரை உறையை உள்ளே விடாமல் நிறுத்துவதுதான் வித்தை. வளையத்தின் வெளிப்புறத்திலும் பற்கள் உண்டு. அது பிடிமானத்துக்குள் அரைப்பல் அளவு மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பலாம். வேக வித்தியாசம் இருக்கும்வரை, உராய்வு வளையத்தை ஒரு பக்கம் இழுத்துத் திருப்பி வைத்திருக்கும். அப்போது வளையத்தின் பற்கள் உறையின் பற்களுக்கு நேரெதிரே வந்து வழியை மறிக்கும். பற்களின் முனைகள் சாய்வாகச் சீவப்பட்டவை என்பதால் உறை அவற்றை ஒதுக்கித் தள்ளப் பார்க்கும். ஆனால் உராய்வின் பிடி அதைவிடப் பலமானது. நீங்கள் எவ்வளவு அமுக்குகிறீர்களோ அவ்வளவுக்கு உராய்வும் கூடும், பூட்டும் இறுகும். வேகங்கள் சமமான கணத்தில் இழுத்துப் பிடிக்க உராய்வே இல்லை. சாய்ந்த முனைகள் வளையத்தை அரைப்பல் திருப்ப, உறை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். எந்த வித்தியாசம் ஒழிய வேண்டுமோ அந்த வித்தியாசமே கதவைப் பூட்டி வைக்கிறது! சென்சர் இல்லை, வயர் இல்லை. ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கரின் யோசனையில் பிறந்த இந்த வகைக் கியர் பொக்ஸ் 1928-இல் கெடிலாக் கார்களில் வந்தது. பூட்டும் ஏற்பாடு அதன்பின் பல வடிவம் எடுத்திருக்கிறது.

பிறகு இறக்கத்தில் மட்டும் ஏன் கத்துகிறது? ஏற்றத்தில் தடியை நியூட்ரலுக்கு எடுத்ததும் லொறியின் வேகம் விழும், வளையம் ஈடுகட்ட வேண்டிய வித்தியாசம் சுருங்கும். அதாவது பாதையே உதவி செய்கிறது. இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். நியூட்ரலில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் லொறி வேகம் பிடிக்கும், உள்தண்டோ எண்ணெயின் இழுவையில் வேகம் குறையும். நானுஓயாவில் விடியற்காலைக் குளிருக்கு எண்ணெய் கெட்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு லொறியின் கிளச் தட்டு பாரமானது. பாதி தேய்ந்த வளையம் தோற்றுப்போகும், பூட்டும் பிடிக்காது. பல் கத்தும்.

பெரிய டிரைவர் சொன்ன இரண்டு மிதி இதற்குத்தான். முதல் மிதியில் நியூட்ரல். கிளச்சை விட்டு எக்ஸலேட்டரை ஓர் அமுக்கு. எஞ்சினே உள்தண்டைச் சுழற்றி 2250-க்குக் கொண்டுவந்துவிடும். உடனே இரண்டாம் மிதி, இரண்டாம் கியர். வளையத்துக்கு மிச்சம் வைக்கும் வேலை கொஞ்சம்தான்.

கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஏறத்தாழ 1400 மீட்டர் இறக்கம். மரக்கறியோடு சேர்த்து 8 தொன் நிறையுள்ள லொறி அவ்வளவு இறங்கும்போது வெளிவிடும் சக்தி ஏறக்குறைய 11 கோடி ஜூல். 300 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. டயரும் காற்றும் ஒரு பங்கைத் தின்னும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். சூடேறிய பிரேக் ட்ரம் விரிந்து, அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் பிடியும் தளரும். எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது எஞ்சினைத்தான் இறுக்கும். நியூட்ரலில் எஞ்சினுக்கும் டயருக்கும் தொடர்பே கிடையாது. ஆகவே ஏறின கியரிலோ அதற்கும் கீழேயோ இறங்குங்கள். மாற்றுவதை இறக்கம் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள்.

முன் டயரில் எலுமிச்சங்காய் வைத்து நசுக்குவதிலும், இறம்பொடை ஆஞ்சநேயரைக் கும்பிட்டுப் போவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வருசத்துக்கு ஒரு தரம் கியர் எண்ணெயையும் பார்க்கலாமே என்கிறேன், அவ்வளவுதான். பேராதனையில் 1964 முதல் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களுக்கு நாலு வெப்பமானியும் ஒரு மரக்கறி லொறியும் கொடுத்தால், எந்த வளைவில் ட்ரம் எவ்வளவு கொதிக்கிறது என்று வரைபடமே போட்டுவிடுவார்கள். இதற்குக் கோடிக்கணக்கில் நிதி வேண்டியதில்லை. கனரக லைசென்ஸ் ட்ரயலிலும் பாரம் ஏற்றிய லொறியை ஓர் இறக்கத்தில் இறக்கிக் காட்டச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தம்பி, உங்கள் வண்டியை இப்படிச் சோதியுங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓட, கிளச்சை முழுக்க மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான லொறிகளில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் இல்லை. அங்கேயும் கத்தினால் கிளச் முழுசாக விடுபடவில்லை என்று சந்தேகப்படலாம். முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்து, இரண்டு மிதி மிதித்தும் இரண்டாம் கியர் மட்டும் கத்தினால் வளையம் முடிந்திருக்கும். மலைப்பாதையில் அதிகம் அடிபடுவது இரண்டாம் கியர்தான். கியர் பொக்ஸைக் கழற்றும்போது மற்ற வளையங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்; வளையத்தின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம்.