உலாவி: உலவுவதா, மேய்வதா?

பிரவுசருக்குத் தமிழில் உலாவி; சிலர் உலவி என்றும் எழுதுகிறார்கள். உலவு, உலாவு இரண்டுமே அங்குமிங்கும் நடப்பதுதான். ஆனால் பிரவுஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நடையோடு உறவில்லை. இளந்தளிரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆடு செடியின் கொழுந்தைக் கடித்துத் தின்பதுதான் முதற்பொருள். கடையில் சும்மா பார்ப்பது, புத்தகத்தைப் புரட்டுவதெல்லாம் அப்புறம் வந்தவை.

நாமும் மேலோட்டமாகப் படிப்பவரை 'நுனிப்புல் மேய்கிறான்' என்கிறோமே! மூலப்பொருளுக்கு மேய்தல்தான் கிட்டத்தில் நிற்கிறது. ஆனாலும் தன் மென்பொருளை மாடாக்க யாருக்கு மனம் வரும்? சரி, உலாவி நிலைத்துவிட்டது. அதுவே இருக்கட்டும்.

சுட்டியைத் தொடாமல் விசைகளாலேயே இயக்கும் வகையை நான் விசைவழி உலாவி என்பேன். ஜே அழுத்தினால் பக்கம் கீழே நகரும், கே அழுத்தினால் மேலே. இந்த வழக்கம் 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ என்ற உரைதிருத்தியிலிருந்து வருகிறது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எஃப் அழுத்தினால் ஒவ்வோர் இணைப்பின்மீதும் ஓரிரு எழுத்துகள் முளைக்கும். அவற்றைத் தட்டினால் அந்த இணைப்பு திறக்கும். ஆடு கொழுந்து கொழுந்தாகத் தாவுவதுபோலத்தான்.

எதைத் தேர்வது? இங்கே இன்னொரு சொல்லும் வேண்டும்: கட்டற்ற மென்பொருள். இலவசம் என்றால் விலையில்லை, அவ்வளவுதான். கட்டற்றது என்றால் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். விமியம், உலாவியோடு சேர்த்தால் அதை இப்படி விசைகளாலேயே இயக்கவைக்கும் ஒரு சிறு நிரல், அதாவது நீட்டிப்பு; அது கட்டற்றது. ஆனால் கட்டற்றதல்லாத குரோமில் அதை நிறுவினால் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தொழுவத்தைப் பூட்டிய கதை. ஃபயர்ஃபாக்ஸில் அதே வேலையைச் செய்யும் டிரைடாக்டில் நீட்டிப்பைப் போட்டால் இரண்டும் கட்டற்றவை. ஆனால் நீட்டிப்புக்கு வீட்டுக்காரரான உலாவியின் தயவு வேண்டும்: 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்டிப்புகளைக் கைவிட்டபோது, பலர் பழகியிருந்த விம்பரேட்டர் என்ற விசைவழி நீட்டிப்பு அதோடு போயிற்று.

குயூட்பிரவுசர் நீட்டிப்பல்ல, தனி விசைவழி உலாவி. பைத்தான் நிரல்மொழியில் எழுதியது, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. உள்ளே ஓடுவது, குரோமுக்கு அடித்தளமான குரோமியம் வழிவந்த எந்திரம்தான். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் நீட்டிப்புகளுக்கு இதில் முறையான ஆதரவும் இல்லை. விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருப்பதால் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. அந்த அமைப்பில் எஃப் விசையில் இருப்பது ஃ, ஜே விசையில் ப. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து எஃப் தட்டினால் இணைப்பெழுத்து எதுவும் முளைக்காது. விமியத்தில் விசைப்பலகை அமைப்பைப் பொருட்படுத்தாதிருக்க ஒரு தெரிவு உண்டு. குயூட்பிரவுசரில், ஃ வந்தால் எஃப் என்று கொள்ளும்படி அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கலாம்.