கைதியா, சிறைவாசியா?

'கைதி' என்பதைக் 'கை' என்று பிரித்து, கையில் விலங்கு பூட்டப்பட்டவர் என்று விளக்குவோர் உண்டு. விலங்கு சரி, கை தவறு. அரபியில் 'கைத்' என்றால் தளை. பாரசீகம், உருது வழியாக அது தமிழில் 'கைது' ஆயிற்று. தளைப்பட்டவர் 'கைதி' ஆனார். ஆளைச் சொல்லாமல் அவர் மேல் பூட்டிய இரும்பைச் சொல்லும் பெயர் இது.

தமிழ்ச் 'சிறை'க்குத் தடுத்தல், அணை என்பவையும் பொருள். நீரைத் தடுக்கக் கல்லால் கட்டிய அணை 'கற்சிறை'. சிறைக்குள்ளிருந்து எழுந்த பாட்டு புறநானூற்றிலேயே (74) உண்டு. சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்தில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலம் தாழ்ந்து வந்ததால் குடிக்காமல் பாடி உயிர்விட்டான் என்கிறது அதன் பழங்குறிப்பு. தன்னை வைத்திருந்த விதத்துக்கு அவன் சொன்ன உவமை 'தொடர்ப்படு ஞமலி', சங்கிலியில் கட்டிய நாய். அரபிச் சொல்லில் உள்ள அதே தளைதான். உள்ளே இருப்பவனே சொல்லும்போது அது சுடுகிறது.

இன்று பொருத்தமான சொல் 'சிறைவாசி'. 'வாசி' வடசொல்தான், தனித்தமிழில் வேண்டுமென்றால் 'சிறைப்பட்டவர்'. 'கைது'க்குப் பதில் 'சிறைபிடித்தல்' என்று எழுதினால் குழப்பம் வரும். ஊர்மக்கள் பேருந்தை மறித்து நிறுத்துவதற்கும் செய்தித்தாளில் அதுதான் சொல்.

இதைவிடப் பெரிய பிழை, சிறையில் இருப்பவர் எல்லாரையும் 'குற்றவாளி' என்பது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள், அதாவது வழக்கு இன்னும் முடியாதவர்கள். தீர்ப்பு வந்து குற்றம் உறுதியானவரே தண்டனைச் சிறைவாசி. குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே வழக்கு விசாரணையின்றி அடைக்கப்பட்ட, தடுப்புக்காவலில் இருப்பவர் இந்த இரண்டிலும் சேரார். அப்படி பம்பாய்ச் சிறையில் இருந்த பிரபாகர் சான்ஸ்கிரி, மராத்தியில் ஓர் அறிவியல் நூல் எழுதினார். கையெழுத்துப் பிரதியை வெளியே அனுப்ப அரசு மறுத்தது. காவலில் இருப்பதாலேயே நூலை வெளியே அனுப்பும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1965இல் அவர் பக்கம் நின்றது.

சிறைக்குள்ளிருந்து நீதிமன்றத்தை எட்ட நூல்தான் வேண்டும் என்பதில்லை, ஒரு கடிதம் போதும். திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா, வார்டர் ஒருவர் பணம் பறிப்பதற்காக இன்னொரு சிறைவாசியைச் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எழுதினார். தனக்காக ஒரு வரி கேட்கவில்லை. நீதிமன்றம் அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக, அதாவது காவலில் உள்ளவருக்காக நீதிமன்றத்தை அணுகும் மனுவாக, ஏற்றது. 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பு சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னது. சிறைக் கடிதம் அதிகாரிகளின் தணிக்கையைத் தாண்டித்தான் வெளியே போகும். யார் மேல் புகாரோ அவர் கையிலேயே அது சிக்கலாம். அதனால்தான் பெட்டியை வைத்துத் திறக்கும் பொறுப்பு சிறை நிர்வாகத்திடம் விடப்படாமல், மாவட்ட ஆட்சியருக்கும் அமர்வு நீதிபதிக்கும் தரப்பட்டது.