ராணுவம்னா யாரு? பட்டாளம், படை, முப்படை – சொல் விளக்கம்

போன பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல சொந்தக்காரங்க எல்லாரும் கூடியிருந்தோம். எங்க பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர்டு ஆனவிய, அத்தை மவன் நேவியில இருக்கான், லீவுல வந்திருந்தான். வயசான தாத்தா ஒருத்தர் அவன்கிட்ட "நீ ராணுவத்துலதானல இருக்க?"ன்னு கேக்க, அவன் "இல்ல தாத்தா, நேவி"ங்க, "ரெண்டும் ஒண்ணுதானல"ன்னு அவிய சொல்ல, பெரியப்பா குறுக்க வந்து "அது எப்படி ஒண்ணாவும்? எல்லையில நிக்கது நாங்கல்லா"ன்னுட்டாவ. "கடலும் எல்லைதான மாமா"ன்னு அவன் திருப்பிக் கேட்டான். அங்க ஆரம்பிச்ச பேச்சு பொங்கல் இறக்கி சாமிக்குப் படைக்குற வரைக்கும் ஓடுச்சு.

கேட்டுக்கிட்டே இருந்தப்ப எனக்குப் பட்டது, பாதி சண்டைக்குக் காரணம் ‘ராணுவம்’ங்கிற அந்தச் சொல்லுதான். தாத்தா மூணு படையையும் சேத்து ராணுவம்னாவ, பெரியப்பா தரைப்படைய மட்டும் மனசுல வச்சுப் பேசுனாவ. பேப்பர்லயும் இப்படித்தான், ‘ராணுவ பட்ஜெட்’னா மூணுக்கும் சேத்து, ‘ராணுவத் தளபதி’ன்னா தரைப்படைத் தளபதி மட்டும். முழுசுக்கும் அதுல ஒரு பங்குக்கும் ஒரே பேரு இருந்தா, அந்தப் பங்குதான் முழுசுன்னு நமக்கே தெரியாம மனசுல பதிஞ்சிரும்.

ராணுவங்கிறதை போர்னு பொருள்படுற ‘ரணம்’ங்கிற வடசொல்லோட சேத்துச் சொல்லுவாங்க. ரணகளம்னு சொல்லுதோம்லா, அந்த ரணம். புண்ணுக்குச் சொல்லுற ரணம் வேற, அது ‘வ்ரணம்’ங்கிறதுல இருந்து வந்தது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

ஆனா நம்ம ஊர்ல பழைய ஆளுங்க வாயில ராணுவம் அவ்வளவா வராது, பட்டாளம்தான். ‘பட்டாளத்துக்காரர் வீடு எது’ன்னு கேட்டா நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் எந்தக் கிராமத்துலயும் கை காட்டுவாங்க. கேக்கதுக்கு அசல் தமிழ் மாதிரி இருந்தாலும் இது ஐரோப்பாக்காரங்களோட பட்டாலியன்ங்கிற சொல்லு நம்ம நாக்குல உருண்டு வந்தது. அதுக்கு மூலம் இத்தாலிய மொழியில போர்னு பொருள்படுற ‘பத்தாலியா’. பட்டாலியன்னா சுமாரா 800 பேர் இருக்குற காலாட்படை, அதனால பட்டாளம் பிறப்புலயே தரைப்படைச் சொல்லுதான், கடல் பட்டாளம், ஆகாயப் பட்டாளம்னு யாரும் சொல்லுறதில்ல. அப்புறம் பிள்ளைப் பட்டாளம்னு கூட்டத்துக்கெல்லாம் அது பேராயிட்டு.

நம்ம சொந்தச் சொல்லு படை. சங்கப் பாட்டுலயே உண்டு, ஆயுதம்னும் பொருள், அதைத் தூக்கிட்டுப் போற கூட்டம்னும் பொருள். ‘பந்திக்கு முந்து படைக்குப் பிந்து’ன்னு பழமொழி வரைக்கும் ஓடுது. படை தங்குற இடம் பாளையம், நம்ம பாளையங்கோட்டைங்கிற பேருக்குள்ளயே பாளையமும் இருக்கு கோட்டையும் இருக்கு. பாளையக்காரரைத்தான் வெள்ளைக்காரன் ‘பாலிகர்’னு எழுதி வச்சான்.

வள்ளுவர் படைமாட்சியில முதல் குறள்லயே ‘உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை’ங்கார். உறுப்பு எல்லாம் அமைஞ்சு, காயத்துக்குப் பயப்படாத படைதான் ஒரு அரசனோட செல்வத்துலயே தலையானதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல உறுப்புன்னா யானை, தேர், குதிரை, காலாள். இந்த ‘உறுப்பு’ங்கிற சொல்லு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையா காலா எது பெருசுன்னு யாராவது கேப்பாங்களா?

இன்னொரு குறள் இதை விடப் பொருத்தம். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து.’ தேர் எவ்வளவு உசரமா இருந்தாலும் கடல்ல ஓடாது, நாவாய் எவ்வளவு பெருசா இருந்தாலும் தரையில ஓடாது. (இந்த நாவாய்ல இருந்துதான் நேவி வந்துச்சுன்னு சிலர் அடிச்சுச் சொல்லுவாங்க. நேவிக்கு மூலம் கப்பல்னு பொருள்படுற ‘நாவிஸ்’ங்கிற லத்தீன் சொல்லு, வடமொழி ‘நௌ’ அதுக்கு உறவு. சத்தம் ஒத்துப் போகுதுங்கிறதை மட்டும் வச்சு முடிவு கட்டக் கூடாதுங்கிறது என் கருத்து.)

இப்ப பெரியப்பா சொன்னதுக்கு வருவோம். ஆள் கணக்குப் பாத்தா தரைப்படைதான் பெருசு, 12 லட்சம் பேர் கிட்ட இருக்காங்க, கடற்படையில 1 லட்சங்கூடக் கிடையாது. பனிமலை உச்சியில நின்னு ஒரு சாண் இடத்தையும் விடாம காக்கது மனுசன் கால்தான், கப்பலும் விமானமும் அங்க காவல் நிக்க முடியாது. ஆனா நம்ம நாட்டு ஏற்றுமதி இறக்குமதியில எடைக் கணக்குப்படி 95 சதவீதம் கடல் வழியாத்தான் நடக்கு, அந்த வழி அடைஞ்சா எல்லையில நிக்கிற வண்டிக்கு டீசல் எங்கருந்து வரும்?

1971 டிசம்பர்ல லோங்கேவாலாவுல நடந்ததை நினைச்சுப் பாருங்க. ராஜஸ்தான் பாலைவனம், பஞ்சாப் ரெஜிமெண்ட் ஆளுங்க சுமார் 120 பேர், எதிர்ல பாகிஸ்தானோட டாங்கிப் படை. நம்ம ஹண்டர் விமானம் ராத்திரியில சண்டை போட வசதி இல்லாதது, அதனால விடியுற வரைக்கும் அந்த 120 பேரும் இடத்தை விடாம தாக்குப் பிடிச்சாங்க, வெளிச்சம் வந்ததும் ஜெய்சல்மர்ல இருந்து விமானம் வந்து டாங்கிகளை நொறுக்குச்சு. ராத்திரி காத்தது தரைப்படை, காலையில முடிச்சது விமானப்படை, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இல்ல. அதே டிசம்பர் 4ந்தேதி ராத்திரிதான் கடற்படையோட ஏவுகணைப் படகுங்க கராச்சித் துறைமுகத்தை அடிச்சுது, அந்த நாள்தான் இப்பவும் கடற்படை தினம்.

இந்தப் பிரிவெல்லாம் எப்படிப் பின்னிக் கிடக்குன்னு பாக்க நமக்கு தூரம் போகவே வேண்டாம். நாங்குநேரி பக்கம் விஜயநாராயணம், கடல் கண்ணுக்கே தெரியாத காடு, சுத்தி கரண்ட் எடுக்குற காத்தாடி. அங்க இருக்கு ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990ல தொடங்குன கடற்படை நிலையம். 450 மீட்டருக்கு மேல உசரமான டவர், ராத்திரி பஸ்ல போனா சிவப்பு விளக்கு வரிசையா தெரியும். தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்குற நீர்மூழ்கிக் கப்பலுக்கு சாதாரண ரேடியோ அலை எட்டாது, ரொம்பத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் கடல் தண்ணிக்குள்ள கொஞ்சம் ஆழம் இறங்கும், அந்த அலையோட நீளம் கிலோமீட்டர் கணக்குல இருக்கறதாலதான் அவ்வளவு பெரிய ஆன்டனா. கப்பல் அதைக் கேட்டுக்கும், அதே வழியில பதில் சொல்ல முடியாது. வள்ளுவர் சொன்னபடி நாவாய் நிலத்துல ஓடல, ஆனா நாவாய்க்குக் குரல் நம்ம நிலத்துல இருந்துதான் போவுது. அந்தப் பக்கம் தஞ்சாவூர்ல விமானப்படையோட சுகோய் விமானம் 2020ல இருந்து நிக்குது, அது சுமக்கிற பிரம்மோஸ் ஏவுகணை கடல்ல இருக்குற கப்பலை அடிக்கும்.

அப்ப சரியான தமிழ்ச் சொல்லு எது? மூணையும் சேத்துச் சொல்ல முப்படை. தனித்தனியா தரைப்படை, கடற்படை, விமானப்படை, வான்படைன்னாலும் சரிதான். ‘ஆயுதப்படை’ன்னு மொழிபெயர்க்காதீங்க, தமிழ்நாட்டுல அது போலீஸ்ல ஒரு பிரிவு, பாளையங்கோட்டையில ஆயுதப்படை மைதானம்னா போலீஸ் கிரவுண்டுதான். ‘படைப்பிரிவு’ம் சரி வராது, ரெஜிமெண்டுக்கு அது ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு. எல்லைப் பாதுகாப்புப் படை உள்துறைக்குக் கீழ வருது, கடலோரக் காவல்படை பாதுகாப்புத் துறைக்குக் கீழ இருந்தாலும் முப்படையில சேராது, அவங்க வேலையும் லேசுப்பட்டது இல்ல.

‘தலைமைத் தளபதி’யிலயும் கவனம் வேணும். அரசியல் சட்டப்படி முப்படைக்கும் மேலான தலைமை குடியரசுத் தலைவர்கிட்ட இருக்கு, 2020 ஜனவரியில பிபின் ராவத் முதல் ஆளா ஏத்துக்கிட்ட ‘சீஃப் ஆஃப் டிஃபன்ஸ் ஸ்டாஃப்’ங்கிற ராணுவ அதிகாரி பதவி வேற, ரெண்டையும் பேப்பர்ல முப்படைத் தலைமைத் தளபதின்னே எழுதுதாங்க. குடியரசுத் தலைவரை முப்படைகளின் தலைவர்னு நிறுத்திக்கிட்டா குழப்பம் தீரும்.

அன்னைக்குக் கோயில்ல இருந்து கிளம்பும்போது தாத்தா மறுபடியும் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு "பட்டாளத்துல சூதானமா இருல"ன்னாவ. அவன் சிரிச்சுக்கிட்டே "கடற்படை தாத்தா"ன்னான். "கடற்படை"ன்னு அவிய ஒரு தடவை மெதுவா சொல்லிப் பாத்தாவ, பக்கத்துல நின்ன பெரியப்பா விபூதியை எடுத்து அவன் நெத்தியில பூசிவிட்டாவ.