காய்ந்த லேப்டாப்பை நம்பாதீர்கள்

தண்ணீர் பட்ட லேப்டாப் வந்தால் பேட்டரியைக் கழற்றிய கையோடு மதர்போர்டை, அதாவது முதன்மைச் சுற்றுப்பலகையை, வெளியே எடுத்துக் கழுவுவேன். பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். "அண்ணா, ஏற்கெனவே தண்ணி பட்டுத்தான் இந்தக் கதி. மறுபடியும் நனைக்கிறீங்களே!" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டேவிட்டார். பாவம், மூன்று நாள் அதை வெயிலிலும் மின்விசிறிக்கு அடியிலும் அரிசி டப்பாவுக்குள்ளும் மாற்றி மாற்றி வைத்துக் காயவிட்டிருக்கிறார். எங்கும் ஈரமே இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆன் செய்தாராம். பத்து நிமிடம் ஓடியது. அப்புறம் அணைந்தது அணைந்ததுதான்.

அவருடைய பொறுமையில் ஒரு குறையும் இல்லை. காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்ததில்தான் கோளாறு. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அது கொண்டுவந்த உப்பு போகாது. சுத்தமான நீரில் மின்சாரம் மிகக் குறைவாகத்தான் பாயும். குழாயில் வருவதும் பாட்டிலில் வருவதும் அப்படிப்பட்ட நீர் இல்லை, அதில் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் போன பிறகு அந்த உப்பு, போர்டில் இருக்கும் ஐ.சி. எனப்படும் சிப்புகளின் உலோகக் கால்களுக்கு நடுவே மெல்லிய படலமாகத் தங்குகிறது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி உயிர்பெறுகிறது.

அந்தக் கால்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி பல இடங்களில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு காலில் மின்னழுத்தம் இருக்கிறது, பக்கத்துக் காலில் இல்லை, நடுவில் உப்பு ஈரம். நகைக்கு முலாம் பூசுகிறவர் தொட்டியில் செய்யும் அதே வேலை இங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து மறுபக்கம் போய்ப் படிகிறது. கரைகிற பக்கம் இணைப்பு அறுந்துபோகும். படிகிற பக்கம் உலோகம் வேர் மாதிரி வளர்ந்து ஷார்ட் ஆகும். செம்புப் பாத்திரத்தில் பிடிக்கிற பச்சைக் களிம்பு போர்டிலும் பிடித்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாசி படிந்த படித்துறை மாதிரி இருக்கும்.

"நான்தான் உடனே ஷட் டவுன் பண்ணிட்டேனே சார்" என்பார்கள். நல்ல காரியம்தான், ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் பேட்டரி போர்டோடு இணைந்தே இருக்கிறது. பவர் பட்டனை எப்போது அழுத்துவார்கள், மூடியை எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கும் சுற்றுகளுக்கு 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஆக, பேட்டரியைக் கழற்றாமல் மூன்று நாள் காயவைத்தால், காய்ந்து முடிகிற வரைக்கும் அரிப்புக்கு நாமே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அந்த மாணவியின் போர்டில் நடந்தது இதுதான்.

சரி, கொட்டிய அந்த நிமிடத்தில் என்ன செய்வது? முதலில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்குங்கள். சார்ஜர் வழியாக ஏறத்தாழ 20 வோல்ட் உள்ளே வருகிறது, பிராசசருக்குப் போவதோ ஏறக்குறைய 1 வோல்ட். நடுவில் தண்ணீர் பாலம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்து, பவர் பட்டனைப் பத்து விநாடி போல அழுத்திப் பிடித்து ஒரேயடியாக அணையுங்கள். திறந்திருக்கும் ஃபைலைச் சேவ் செய்துவிட்டு முறையாக மூடலாம் என்று தோன்றும். அந்த அரை நிமிடத்தில் போர்டையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யூஎஸ்பியில் செருகியிருப்பதை எல்லாம் உருவிவிட்டு, மூடியை நன்றாக விரித்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி கூடாரம் போலக் கவிழ்த்து ஒரு துண்டின் மேல் வையுங்கள். நீர் வந்த வழியே திரும்பிப் போகட்டும்.

இங்கே ஒரு தவறு எல்லோரும் செய்வார்கள். லேப்டாப்பை எடுத்து உதறுவார்கள். இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார்கள். கீபோர்டுக்கு அடியில் ஒரு மூலையில் சும்மா நின்றிருக்கும் நீரைப் போர்டு முழுக்கவும் டிஸ்ப்ளே வரைக்கும் சுற்றுலா அழைத்துப் போகிற வேலை அது. துடைக்கும்போதும் துணியை ஒற்றி எடுங்கள், இழுத்துத் தேய்த்தால் விசைகளின் இடுக்கில்தான் நீர் இறங்கும்.

பேட்டரி வெளியே கழற்றுகிற வகை என்றால் உடனே கழற்றிவிடலாம். இப்போது வரும் பெரும்பாலான மாடல்களில் அது உள்ளே இருக்கிறது. பின்மூடியைத் திறந்து பழக்கமுள்ளவர் பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் முனையால் விடுவிக்கலாம். பழக்கமில்லாதவர் கத்தியோடு உள்ளே போக வேண்டாம், கவிழ்த்த நிலையிலேயே அன்றைக்கே சர்வீசுக்கு எடுத்துப் போங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் போகிற ஓர் இரவு போர்டுக்கு நீண்ட காலம். பேட்டரி உப்பியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, இனிப்பான ஒரு ரசாயன வாடை வந்தாலோ லேப்டாப்பையே மறந்துவிடுங்கள். தீப்பிடிக்க எதுவும் இல்லாத வெறுந்தரையில், முடிந்தால் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

ஹேர் டிரையர் வேண்டாம். காற்று நீரை உள்ளே தள்ளும், சூடு விசைகளை வளைக்கும். அரிசியும் வேண்டாம். ஐ.சி.க்கு அடியில் நுண்துளை இழுப்பில் ஏறி ஒட்டியிருக்கும் நீரை டப்பாவில் இருக்கும் அரிசி எப்படி உறிஞ்சும்? ஐபோன் நனைந்தால் அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியது 2024-இல் செய்தியானது. நானும் ஒருமுறை மின்விசிறி இறக்கைக்கு நடுவிலிருந்து ஏழெட்டு அரிசி மணிகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

என்ன கொட்டியது என்பது எவ்வளவு கொட்டியது என்பதைவிட முக்கியம். வெறும் தண்ணீர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீ, காபி என்றால் காய்ந்த பிறகு பிசினாக ஒட்டிக்கொள்ளும். கோலா பானங்கள் அமிலத்தன்மை உள்ளவை, சர்க்கரையும் உண்டு, அரிப்புக்கு வேறென்ன வேண்டும்? இருப்பதிலேயே மோசம் உப்புநீர். அதில் நனைந்த போர்டைச் சில மணி நேரம் தாமதித்துக் கொண்டுவந்தாலே என் நம்பிக்கை பாதியாகக் குறைந்துவிடும். கீபோர்டைப் பொறுத்தவரை எது கொட்டினாலும் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. நடுவில் நுழைந்த திரவம் வெளியே வர வழி கிடையாது. சில திங்க்பேட் மாடல்களில் கீபோர்டில் விழும் நீர் அடிப்பக்கத் துளைகள் வழியாக வடிந்துபோக வழி வைத்திருப்பார்கள். அது உங்களுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் பயம் தருவது செத்துப்போய் வரும் லேப்டாப் இல்லை, கொட்டிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்தான். ஒருவர் டிஸ்ப்ளே இருட்டாகிவிட்டது என்று கொண்டுவந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரிகிறது, திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் மட்டும் இல்லை. "தண்ணி ஏதாவது பட்டுதா சார்?" "இல்லவே இல்ல தம்பி." திறந்தேன். ஈரம் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறுகிற ஒரு சிறிய ஸ்டிக்கர் உள்ளே இருக்கும். அது குங்குமம் மாதிரி சிவந்திருந்தது. காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமா, போன மாசம் பாப்பா டம்ளரத் தட்டிவிட்டா. ஆனா நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு" என்றார்.

நன்றாகத்தான் ஓடியிருக்கும். டிஸ்ப்ளே கனெக்டரில் பேக்லைட்டுக்குப் போகும் கால் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிக வோல்ட்டைச் சுமக்கிறது. ஈரம் படிந்தால் அரிப்பு அங்கேதான் வேகமாக நடக்கும். ஒரு மாதம் மெல்ல மெல்லத் தின்று, ஒருநாள் கால் கருகிப்போனது. கொட்டிய வாரமே திறந்து கழுவியிருந்தால் ஒரு மணி நேர வேலை. அதனால் கொட்டியது போர்டு வரை போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், ஓடுகிறதோ இல்லையோ, ஒருமுறை திறந்து பார்த்துவிடுவதே மேல்.

சர்வீஸ் செய்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எது கொட்டியது, எப்போது, சார்ஜர் செருகியிருந்ததா, அப்புறம் எத்தனை முறை ஆன் செய்து பார்த்தீர்கள் என்று நான்கு விஷயம் போதும். "தானாவே ஆஃப் ஆயிடுச்சு" என்று சொன்னால் நான் சார்ஜிங் பகுதியிலிருந்து தேட ஆரம்பிப்பேன், வேறெங்கோ அரிப்பு வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். திட்டுவார் என்ற பயம் வேண்டாம். நானே என் சொந்த லேப்டாப்பில் காபி கொட்டியவன்.

ஆனால் ஸ்க்ரூவில் கைவைக்கும் முன் வாங்கிய காகிதங்களைப் பாருங்கள். நிறுவனம் தரும் சாதாரண வாரண்டியில் திரவச் சேதம் பொதுவாக அடங்காது. விபத்துச் சேதத்துக்கென்று தனியாகத் திட்டம் எடுத்திருந்தால் அடங்கலாம், அப்படியென்றால் வெளியாள் யாரும் திறக்க வேண்டாம், நேரே அவர்களிடமே போய்விடுங்கள். அப்படி இல்லாதவர்கள் சிப் லெவல் வேலை, அதாவது போர்டையே மாற்றாமல் அதிலுள்ள சிறு பாகங்களைப் பழுதுபார்க்கும் வேலை, தெரிந்தவரைத் தேடுங்கள். போர்டைக் கழற்றி, உலோக மூடிகளை நீக்கி, செறிவான ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, தேவைப்பட்டால் ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் இட்டு, மிதமான சூட்டில் காயவைத்து, அப்புறம்தான் அளந்து அளந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். வெளியே இருந்து காற்று அடித்து "ரெடி சார்" என்று கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கழுவுவதற்கு முன்னும் பின்னும் போர்டைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு இடம் பாருங்கள். இனிமேல் ஒன்றுமே ஆகாது என்று அடித்துச் சொல்கிறவரையும் நான் நம்ப மாட்டேன்.

லேப்டாப் முக்கியமா, உள்ளே இருப்பது முக்கியமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபைல்கள் சேமிக்கப்படும் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றுகிற வகை என்றால் அதைச் சுத்தம் செய்து யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் படித்துவிடலாம், போர்டு பிழைக்க வேண்டும் என்றுகூட இல்லை. விண்டோசில் தகவலைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பலருக்கு அது தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருப்பதே தெரியாது, வேறு கணினியிலிருந்து உள்நுழைந்து பாருங்கள். சேமிப்பு போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடல்களில் கதை வேறு. இப்போதைய மேக்புக்குகளில் தகவல் அந்த மெஷினின் சிப்போடு சேர்த்தே பூட்டப்பட்டிருக்கும். போர்டு உயிர்பெற்றால்தான் புகைப்படங்கள் கிடைக்கும். அங்கே என் வேலை முழுவதுமாகச் சரிசெய்வது இல்லை. காப்பி எடுக்கும்வரை எப்படியாவது ஓடவைத்தால் போதும்.

அந்த மாணவியின் போர்டைக் கழுவி ஓர் இரவு விட்டுவைத்தேன். மறுநாள் மல்டிமீட்டரில் பார்த்தால் சார்ஜிங் பகுதியில் கெப்பாசிட்டர் என்ற எள்ளளவு பாகம் ஒன்று களிம்பேறி ஷார்ட் ஆகியிருந்தது. மாற்றினேன், எழுந்துகொண்டது. கீபோர்டில் மேல்வரிசை மட்டும் வரவில்லை. புதுக் கீபோர்டு வரும்வரை யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொண்டு புராஜெக்டை முடித்தார்.