கொழுந்திலும் தோலிலும் ஒரே செம்பு

ஹட்டன் பக்கத்துத் தேயிலைப் பெக்டரிக்குள் ஒருமுறை போனாலே போதும், அந்த வாசனை மறக்காது. ரோலரில் கசங்கி வந்த கொழுந்தைப் பரப்பியிருப்பார்கள். பச்சை மங்கி, கொஞ்ச நேரத்தில் புதுச் செப்புக்காசு போல நிறம் ஏறும். டீமேக்கர் ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். பதம் வந்திருந்தால் ட்ரையருக்குப் போகும்.

இதைப் புளிக்கவைப்பது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் புளிக்கவைக்கும் கிருமி எதுவும் இதில் இல்லை. இலைக் கலத்துக்குள் வேறு வேறு இடங்களில் இருந்த பொலிபீனோலும் (துவர்ப்புத் தரும் சேர்மம்) ஒரு நொதியமும் கசங்கும்போது கலந்து, காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமடைகின்றன. பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற அந்த நொதியத்தின் மையத்தில் இரண்டு செப்பு அணுக்கள் உண்டு. ட்ரையரின் சூட்டில் நொதியத்தின் மடிப்பு குலைந்ததும் வேலை நின்றுவிடும்.

இதே செப்புச் சோடி நம் தோலிலும் இருக்கிறது. அங்கே நொதியத்தின் பெயர் தைரோசினேசு. தைரோசின் என்ற அமினோ அமிலத்தை அது மாற்றத் தொடங்க, படிப்படியாக மெலனின் என்ற தோல் நிறப்பொருள் உருவாகும். மலைவெயிலில் கொழுந்து பறிக்கும் கை கறுப்பது இதனால்தான். இந்த நொதியத்துக்குரிய பரம்பரையலகு பழுதானால் பிறவியிலேயே நிறமில்லாமல் போகலாம்.

டவுன் கடைகளில் தொங்கும் வெள்ளையாக்கும் கிரீம்கள் குறிவைப்பதும் பெரும்பாலும் இந்த நொதியத்தைத்தான். (எனக்கு அந்த ஆசையே புரிவதில்லை, அது வேறு கதை.) வேடிக்கை என்னவென்றால், இத்தகைய சேர்மங்களைப் பல காலமாகச் சோதித்தது நாம் சமைக்கும் வெள்ளைக் காளானின் தைரோசினேசை வைத்து. அது மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் காளானுடையது கலத்தின் நீர்மத்தில் நான்கு துண்டுகள் சேர்ந்து மிதப்பது. மனிதனுடையது ஒற்றைத் துண்டு. மென்சவ்வில் வால் குத்தி, உடலில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்க நிற்பது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 50,000 சேர்மங்களை மனித நொதியத்தோடு சோதித்தார்கள். வெள்ளையாக்கும் கிரீம்களில் சேர்க்கும் கோஜிக் அமிலம் காளானில் நன்றாக வேலை செய்யும், ஆனால் மனித நொதியத்தை மிகப் பலவீனமாகவே தடுத்தது.

மனித நொதியத்துக்காக யார் தோலையும் உரிப்பதில்லை. அதன் பரம்பரையலகை எடுத்து, மென்சவ்வில் குத்தும் வால் பகுதியை வெட்டிவிட்டு, முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறைக் கோத்துவிடுகிறார்கள். பிறகு அதைப் பூச்சிக் கலங்களுக்குள்ளோ வளர்ப்பு மனிதக் கலங்களுக்குள்ளோ செலுத்துகிறார்கள். பற்றீரியாவில் வளர்த்தால் செலவு குறையும், ஆனால் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்ட அதற்குத் தெரியாது. கலங்கள் தயாரித்த புரதக் கலவையை நிக்கல் பதித்த மணிகள் நிரம்பிய குழாயில் ஊற்றினால், ஹிஸ்டிடின் வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும், மற்றவை வழிந்தோடும். அப்புறம் இமிடசோல் கரைசலை விட்டால் அது நிக்கலைப் பிடித்துக்கொண்டு நம் புரதத்தைக் கழற்றிவிடும்.

தேறியதா என்று பார்க்க, தைரோசினிலிருந்து மெலனினுக்குப் போகும் வழியில் உருவாகும் டோபாவின் கரைசலில் ஒரு துளி விடுவார்கள். செம்மஞ்சள் நிறம் ஏறும். டீமேக்கர் கண்ணால் பார்ப்பதை இங்கே 475 நனோமீற்றர் ஒளி அளக்கும். மிச்சத்தைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, மறை 80 பாகை செல்சியசில் உறைய வைப்பார்கள். ஒவ்வொரு குப்பியிலும் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று ஒட்டியிருக்கும்.