80 பல் பிளேடும் கருகிப்போன சட்டமும்

போன சனிக்கிழமை, மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், ஒரு தம்பி ஓட்டோவில் நான்கு சவுக்கு (கிரெவிலியா) மரச் சட்டங்களைப் போட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். கொட்டகலைப் பக்கம் 7 பேர்ச் காணியில் எழும்பும் ஒரு வீட்டுக்கு யன்னல் செய்கிறாராம். மேசை வாளில், அதாவது மேசை நடுவே வட்டப் பிளேடு சுழலும் மெஷினில், கிழித்த அந்தச் சட்டங்களின் ஒரு பக்கம் முழுக்க அடிப்பிடித்த சோறு மாதிரி கருத்துக் கிடந்தது. “மெஷின் பழுதாண்ணே?” என்று கேட்டார்.

பிளேடைக் காட்டச் சொன்னேன். புத்தம் புதுசு, 10 இஞ்சி, 80 பல்.

“இருக்கிறதுலயே நல்லது இதுதான்னு கடையில சொன்னாங்கண்ணே. பல்லு கூட இருந்தா கிளீனா வெட்டுமாம்.”

இந்த மாதம் இதே கதையோடு வந்த நான்காவது ஆள் இவர். முதல் மூன்று பேருக்கும் வாயால் சொல்லி அனுப்பினேன். இவர் சட்டையைத் தூக்கி இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்ததைக் காட்டினார். பாதி அறுத்த சட்டம் பிளேடைக் கவ்விப் பின்னால் எகிறி அடித்திருக்கிறது. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் விலா எலும்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல் கூடினால் வெட்டு சுத்தமாக வரும் என்பது குறுக்கு வெட்டுக்கு, அதாவது மரத்தின் நாருக்குக் குறுக்கே வெட்டுவதற்கு, உண்மை. பிளைவுட்டுக்கும் உண்மை. நார் ஓடும் பக்கமாக மரத்தை நெடுக்காகக் கிழிப்பதற்கு அது பொய். முழுப் பொய்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 10 இஞ்சி பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 800 மில்லிமீற்றர். 24 பல் என்றால் பல்லுக்குப் பல் 33 மில்லிமீற்றர் இடைவெளி. 80 பல் என்றால் 10 மில்லிமீற்றர்தான். மெஷின் நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடுகிறது, நீங்கள் நிமிடத்துக்கு 3 மீற்றர் வேகத்தில் மரத்தைத் தள்ளுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 பல் பிளேடில் ஒவ்வொரு பல்லும் 0.03 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கடிக்கும். 80 பல்லில் அது 0.01 மில்லிமீற்றர்கூட இல்லை. அவ்வளவு மெல்லிசாகக் கடிக்கிற பல் மரத்தை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூடு ஏறினால் கருகல். இதில் மெஷினை ஏன் திட்டுகிறீர்கள்?

தூளுக்கும் போக இடம் வேண்டும். நெடுக்காகக் கிழிக்கும்போது மரம் மாவாக வருவதில்லை, நார் நாராகச் சுருண்டு வரும். அதை வாரி வெளியே எறிவது பல்லுக்கு முன்னால் இருக்கும் குழிதான். 24 பல் பிளேடில் அந்தக் குழிக்குள் என் சுண்டுவிரல் நுனி போகும். 80 பல்லில் நெருப்புக்குச்சி போனாலே பெரிசு. 2 இஞ்சிக் கட்டையில் 24 பல் பிளேடின் இரண்டு மூன்று பற்கள் மரத்துக்குள் இருக்கும்போது, 80 பல்லில் எட்டு ஒன்பது பற்கள் ஒரே நேரத்தில் உள்ளே நின்று உரசுகின்றன. குழி நிரம்பிவிடும், மோட்டர் திணறும், பட்டறை லைட் மங்கும், நீங்கள் பயந்து மெதுவாகத் தள்ளுவீர்கள். மெதுவாகத் தள்ளினால் இன்னும் கருகும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? குழி தோண்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று இழுத்துப் பலகை அறுத்த அந்தக் காலத்துப் பெரிய வாளை நினைத்துப் பாருங்கள். அதன் பற்கள் எவ்வளவு பெரிசு, எவ்வளவு எட்ட எட்ட? பலகை கிழிக்க நெருக்கமான பல் நல்லதென்றால் அந்த மனிதர்கள் அப்படி அராவி வைத்திருக்க மாட்டார்களா? என் அப்பாவிடமும் கைவாள் இரண்டு இருந்தன. கிழிக்கிற வாளின் பல் உளி மாதிரி நேராக, குறுக்கு வாளின் பல் கத்தி மாதிரி சரிவாக. ஒன்றை மற்றதன் வேலைக்கு எடுத்தால் தலையில் குட்டு விழும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டக் கொழுந்துக் கத்தரியைக் கொண்டுபோவீர்களா? அதே கதைதான் இதுவும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். கிழிக்கிற வேலைக்கு 10 இஞ்சியில் 24 பல், மிஞ்சினால் 30. பல்லின் உச்சி தட்டையாக இருக்க வேண்டும். ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிச் சரிந்திருந்தால் அது குறுக்கு வெட்டுக்கானது. பல் முன்னோக்கி நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும், ஏறக்குறைய 20 பாகை. பின்னோக்கிச் சாய்ந்த பல் என்றால் அது பெரும்பாலும் அலுமினியம் வெட்டுகிற பிளேடு. “எல்லாத்துக்கும் பாவிக்கலாம்” என்று சொல்லி அதையும் மர வேலைக்குக் கொடுத்திருக்கிறார்கள், என் கண்ணால் பார்த்தேன். அதில் சட்டம் கிழிக்க நெஞ்சை வைத்துத் தள்ள வேண்டும். தள்ளுகிற கை வழுக்கினால் எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு பிளேடுக்குத்தான் காசு இருக்கிறதா? 40 அல்லது 50 பல் உள்ள கலப்புப் பிளேடை வாங்குங்கள். கிழிக்கையில் 24 அளவுக்கு வராது, ஆனால் ஆளைக் கொல்லாது. அரை இஞ்சிக்கும் குறைந்த மெல்லிய பலகைக்கு அதுவே மேல்.

வெட்டின் அகலம் இன்னொரு விஷயம். முழுக் கனப் பிளேடு 3.2 மில்லிமீற்றர் தின்னும், மெல்லிசானது 2.4 அளவில். சின்ன மோட்டருக்கு மெல்லிசு சுகம்தான், ஆனால் நம் மலைக்கு நான் யோசிப்பேன். இங்கே மரக்காலையில் இருந்து வருகிற பலகை எத்தனை நாள் காய்ந்தது? பனியிலும் தூறலிலும் கிடந்து, பாதி ஈரத்தோடு வருகிறது. ஈர மரம் வெட்டை இறுக்கும், மெல்லிய பிளேடு வளைந்து கொடுக்கும். யூக்கலிப்டஸ் இன்னும் மோசம். மரத்துக்குள்ளேயே ஒரு இழுவிசை அடைபட்டிருக்கும். நடுவில் கிழித்ததும் இரண்டு பக்கமும் வில் மாதிரி விரியும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கிப் பிளேடைக் கவ்வும். பிளேடுக்குப் பின்னால் நிற்கிற அந்தச் சின்னத் தகடு இதற்காகத்தான் இருக்கிறது. “இடைஞ்சலா இருந்துச்சுண்ணே” என்று அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தார் நம் சனிக்கிழமைத் தம்பி. இடுப்பில் கன்றியதற்குப் பாதிக் காரணம் அதுதான். அந்தத் தகடு பிளேடின் உடம்பைவிடக் கொஞ்சம் தடிப்பாக, வெட்டின் அகலத்தைவிடக் கொஞ்சம் மெல்லிசாக இருக்க வேண்டும். பிளேடு மாற்றினால் இதையும் அளந்து பாருங்கள்.

பைனஸ் அறுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேடு மழுங்கிவிட்டது என்று என்னிடம் சாணைக்கு வருவதில் நிறைய மழுங்கவே இல்லை. பல்லின் பக்கமெல்லாம் பிசின் கெட்டியாகப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். கழற்றி, சவர்க்காரம் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஈரமில்லாமல் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். (ஆமாம், இதைச் சொல்வதால் எனக்குத்தான் வருமானம் போகும்.)

24 பல் போட்டும் கருகுகிறதா? அப்படியானால் வழிகாட்டிக் கட்டையைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பல்லில் சோக்கால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து கட்டைக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளங்கள். பிறகு அதே பல்லைப் பின்னால் திருப்பி அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் குறைந்தால் மரத்தைப் பிளேடோடு நெருக்குகிறீர்கள் என்று அர்த்தம். கட்டைப் பக்கம் மட்டும் கருகியிருந்தால் பெரும்பாலும் இதுதான். தம்பியின் சட்டத்திலும் கருத்தது ஒரு பக்கம்தான் என்பதைக் கவனித்தீர்களா? அவர் மெஷினையும் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றரை மில்லிமீற்றர் உள்ளே வந்திருந்தது.

அங்கே இன்னொன்றும் கண்டேன், அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பிளேடின் ஓட்டை 30 மில்லிமீற்றர், மெஷினின் தண்டு 25.4. இடைவெளியை அடைக்க டின்பால் டின்னை வெட்டிச் சுற்றி இறுக்கியிருந்தார். நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுச் சுற்றுகிற ஒரு பொருளை டின்பால் டின் பிடித்துக்கொண்டு நிற்கிறது! அளவான வளையம் கடையில் கிடைக்கும், பெரிய விலையும் இல்லை. தண்டுக்குச் சரியான பிளேடாகவே கேட்டு வாங்கினால் அதுவும் தேவையில்லை. பிளேடில் அதிகபட்சச் சுற்று எழுதியிருக்கும். மோட்டர் வைத்து, பெல்ட் போட்டு நீங்களே கட்டிய மேசை என்றால் கப்பியின் அளவை வைத்துச் சுற்றைக் கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மர பிளேடைக் கிரைண்டரில் மாட்டுகிறவர்களோடு நான் பேசவே தயாரில்லை.

மற்றபடி உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் செய்ய மாட்டீர்கள். பிளேடை மரத்துக்கு மேல் பல்லும் குழியும் தெரிகிற அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். பிளேடின் நேர்கோட்டில் நிற்காதீர்கள், ஓர் ஓரமாக நில்லுங்கள். அகலம் ஆறு இஞ்சிக்குக் குறைந்தால் கையால் தள்ளாதீர்கள், தள்ளுகட்டை எடுங்கள். கையுறை கூடாது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தால் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிடுங்கள். சவுக்குத் தூள் சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும், மாஸ்க் போடுங்கள். வெட்டித் துண்டான கட்டையை எடுக்க அவசரப்படாதீர்கள், பிளேடு நிற்கட்டும். அரை நிமிடம்தானே, தயவுசெய்து பொறுங்கள்.

தம்பிக்கு என்னுடைய 24 பல் பிளேடைப் போட்டு, கட்டையைச் சரிபண்ணி, பின்தகட்டைத் திருப்பி மாட்டி, அதே சவுக்கில் ஒரு சட்டம் கிழித்துக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். வாளின் கோடு லேசாகத் தெரிந்தது, சீவுளி இரண்டு இழுப்பில் போகிற அளவு. கருப்பு இல்லை.

“அப்ப இந்த 80 பல்லை என்னண்ணே செய்றது?”

“அலுமாரிக்குப் பிளைவுட் வெட்டுவீங்கதானே, அப்ப போடுங்க.”

சாணைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிளேடை ஆணி, ஸ்குரூ, சுத்தியலோடு ஒரே உரப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவராதீர்கள். காபைட் பல் கண்ணாடி மாதிரி, நுனி உடைந்தால் நான் சாணை பிடித்து ஒட்ட முடியாது. இரண்டு காட்போட் மட்டைக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டிக் கொண்டுவாருங்கள். ஞாயிறு பட்டறை பூட்டு.